மலையிறங்கும் மச்சாள்

அந்த ஐடியா எனக்கு வந்த இடம், ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவின் பார்க்கிங் லொட். வந்த நேரம்... நான் அங்கே மல்லாக்கக் கிடந்த நேரம்.

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் பெய்த மழை அப்படியே உறைந்து, நிலம் முழுவதும் கண்ணாடி பதித்தது போல இருந்தது. அண்ணாவின் மகளுக்குப் பிறந்தநாள். கடையில் சொல்லிவைத்த மட்டன் றோல்ஸை எடுத்துவர என்னையும் யசோ மச்சாளையும் அனுப்பியிருந்தார்கள். என் கையில் ஒரு ட்ரே. மச்சாளின் கையில் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக.

நான் காட்டிலும் மலையிலும் ஓடுகிறவள். இந்தப் பத்தியைத் தவறாமல் வாசிக்கிறவர்களுக்கு அது அலுத்துப்போகிற அளவுக்குத் தெரியும். அன்று என் காலில் இருந்ததும் மலைப்பாதைக்கென்றே செய்த சப்பாத்துதான். அடியில் முதலைப்பல் மாதிரிப் பிடிப்புகள். மச்சாளின் காலில் இருந்தது, வேலைக்குப் போட்டுப் போட்டுத் தேய்ந்த ஒரு சோடிக் கறுப்பு பூட்ஸ்.

விழுந்தது யார் என்று நினைக்கிறீர்கள்?

நானும் நாற்பது றோல்ஸும்.

“றோல்ஸுக்கு ஒண்டும் இல்லையே?” என்றாள் மச்சாள். என் இடுப்பைப் பற்றிக் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

கடை வாசலில் நின்று உப்புத் தூவிக்கொண்டிருந்த சிவம் அங்கிளுக்கு அதைவிட நல்ல கேள்வி ஒன்று கிடைத்தது. “என்ன பிள்ளை, பிக்கப்பைக் கூப்பிடட்டோ?”

கடைக்குள் வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர்களுக்கும் கதை தெரிந்திருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் மார்ச்சில் நான் ட்ரினிடாட் தீவுக்குப் போனேன். மிசிசாகாவில் என் ஒஃபிஸில் பக்கத்து மேசைக்காரி அந்தத் தீவைச் சேர்ந்தவள். “கடற்கரைக்கு எல்லாரும் போவார்கள். ஓடுகிறவள் நீ, எங்கள் வடக்கு மலைக்குப் போ” என்று அவள் ஒரு வருடமாக என் காதைத் தின்றதன் விளைவு. தீவின் வடக்கு ஓரம் முழுவதும் மலை. மலை முழுவதும் காடு. அங்கே ஓர் ஊரில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி, ஒரு மலைமுகட்டில் ஏறி, அடுத்த பக்கம் பள்ளத்தாக்கில் இறங்கி, ஆற்றைக் கடந்து, இன்னொரு முகட்டில் ஏறி, கடலோரத்தில் போய் முடிகிற ஓர் ஓட்டம். இருபத்துநான்கு கிலோமீட்டர்.

ஒரு நிபந்தனை. ஆற்றங்கரைக்கு ஒன்பதரைக்குள் வந்துவிட வேண்டும். வராதவர்களை அங்கேயே நிறுத்தி, பிக்கப் டிரக் ஒன்றின் பின்பக்கத்தில் ஏற்றி, தார் ரோட்டால் கடற்கரைக்குக் கொண்டுபோய் விடுவார்கள்.

நான் வந்தது ஒன்பது முப்பத்தாறுக்கு.

ஏறும்போது எந்தப் பிரச்சினையும் இல்லை. இறக்கத்தில்தான் எல்லாம் போனது. காட்டு மழையில் ஊறிய செம்மண் களி எப்படி இருக்கும் தெரியுமா? சவர்க்காரத்தின் மேல் நல்லெண்ணெய் ஊற்றியது மாதிரி இருக்கும். நான் ஒவ்வோர் அடியிலும் குதிக்காலைக் குத்தி பிரேக் போட்டேன். போட்டுப் போட்டுத் தொடை இரண்டும் செத்துப் போயின. கடைசி அரை மணி நேரம் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினேன். இருபத்தாறு வயதில், இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு!

பிக்கப்பில் என்னோடு முழங்கால் வீங்கிய ஒரு மனிதரும், காலித் தண்ணீர்ப் போத்தல்கள் ஒரு மூட்டையும்தான்.

இதை அப்படியே இந்தப் பத்தியில் எழுதினேன். உண்மையாய் எழுத வேண்டும் அல்லவா? படமும் போட்டேன். அதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய பிழை. அன்றிலிருந்து நான் ‘பிக்கப்பில வந்த பிள்ளை’. றிச்மண்ட் ஹில் கோவிலில் பிரசாத வரிசையில் நின்ற ஓர் அன்ரி தன் மகளுக்குக் கிசுகிசுத்தார்: “உவதான் அந்த பிக்கப் பிள்ளை.” மகள் என்னைப் பார்த்து, பெரிய விபத்தில் தப்பியவளைப் பார்ப்பது போல, ஒரு மாதிரி இரக்கமாகச் சிரித்தாள்.

சரி, மறுபடியும் பார்க்கிங் லொட்டுக்கு வாருங்கள். நான் இன்னும் மல்லாக்கத்தான் கிடக்கிறேன்.

நிலத்தோடு நிலமாகக் கிடந்ததால் எனக்குத் தெரிந்தது மச்சாளின் கால்கள் மட்டும்தான். அவை என்னைச் சுற்றிக்கொண்டு காரை நோக்கிப் போயின. சின்னச் சின்ன அடிகள். முழங்கால் கொஞ்சம் மடிந்து, தளர்வாக. பாதம் குதிக்காலில் இறங்கவில்லை. முழுதாக, தட்டையாக, இஸ்திரிப் பெட்டி வைப்பது போல இறங்கியது. உடம்பு எப்போதும் பாதத்துக்கு நேர் மேலே. ஓரிடத்தில் பூட்ஸ் வழுக்கியது. பார்த்தேன்! ஆனால் அவள் அதைத் தடுக்கவில்லை. ஓர் அங்குலம் வழுக்க விட்டாள். அது தானாக நின்றது. அடுத்த அடி.

இரண்டு ட்ரே. ஒரு றோல் அசையவில்லை.

இவ்வளவு நாளும் இது தெரியாமல் வாழ்ந்திருக்கிறேனே என்று இருந்தது எனக்கு. யசோ என் பெரிய மாமாவின் மகள். என்னைவிட எட்டு வயது மூப்பு. பதினொரு வருடமாக ஸ்காபரோவில் வீடு வீடாகத் தபால் போடுகிற வேலை. தோளில் பை, காலில் பூட்ஸ், ஒரு நாளைக்குப் பல மணி நேர நடை. நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை ஐஸில். அந்த நடையைப் பார்த்து நாங்கள் மச்சான் மச்சாள்மார் எல்லாம் ‘பென்குவின்’ என்று பெயரும் வைத்திருந்தோம்.

அந்தப் பென்குவினுக்கு வேண்டியதெல்லாம் ஒரு மலைதான்!

“மச்சாள்,” என்று நிலத்தில் கிடந்தபடியே கத்தினேன், “எனக்கு உப்பிடி நடக்கப் பழக்கிவிடு!”

“முதல்ல எழும்படி,” என்றாள். “சனம் பாக்குது.”

பெப்ரவரி முழுவதும் சனி, ஞாயிறு காலைகளில் ரூஜ் ஆற்றுப் பக்கத்துச் சரிவு ஒன்றில் நின்றோம். சனம் மிதித்து மிதித்து ஐஸாகிப்போன நடைபாதை அது. மச்சாள் மேலே நின்று ரீ குடிப்பாள். நான் இறங்குவேன். விழுவேன். ஏறி வருவேன். மறுபடியும் இறங்குவேன். நாயோடு நடக்க வந்த ஒரு கனவான், மூன்றாவது வாரம், ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று கேட்டார். பயிற்சி என்றேன். நாயைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டு போனார்.

மச்சாள் நல்ல வாத்தியார் என்று நினைத்துவிடாதீர்கள். எப்படி விழாமல் நடக்கிறாய் என்று கேட்டால் வந்த பதில் இதுதான்:

“எனக்கெப்பிடித் தெரியும்? நூற்றுக்கணக்கான வீட்டுக்கு லெட்டர் போடவேணும். விழ எனக்கு நேரமில்லை.”

ஆகவே, கேட்பதை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தேன். வீடியோ எடுத்தேன். மெதுவாக ஓட விட்டேன். ஒரு நாள், எந்த நாள் என்று சரியாகத் தெரியவில்லை, சரிவின் அடியில் வந்து நின்றபோது நான் விழவில்லை என்பதே எனக்கு உறைத்தது.

மேலேயிருந்து கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது வேறு.

“நானும் வாறன்.”

“எங்கை?”

“உன்ரை மலைக்கு.”

“மச்சாள், நீ ஒரு நாளும் ஓடினதில்லை.”

“ஓடுறன் எண்டு ஆர் சொன்னது? நடக்கிறன்.” ரீக் கோப்பையின் மூடியை அழுத்திப் போட்டாள். பிறகுதான் சொன்னாள்: “பதினொரு வருசமாய் மற்றாக்களின்ரை வாசல்ப்படியில ஏறி இறங்கிறன். ஒருக்கா, வீட்டு நம்பர் இல்லாத இடத்தில நடக்கவேணும்.”

அன்றே அவள் பெயரையும் பதிந்தேன்.

ரொறன்ரோவில் பெப்ரவரி மாதத்தில் வெக்கைக்குப் பழகுவது எப்படி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பேஸ்மென்ட்டில் ஃபர்னஸ் அறைக் கதவைத் திறந்துவைத்து, இரண்டு ஜக்கெட் போட்டுக்கொண்டு ட்ரெட்மில்லில் ஓட வேண்டும். அம்மா அதே நேரம் மேலே மிளகாய் வறுத்தால் இன்னும் நல்லது. தீவின் புழுக்கத்தை மிஞ்சிவிடும்.

மார்ச் வந்தது.

அந்த ஊரில் வெளிச்சம் வந்தும் வராததுமான நேரம். பள்ளிக்கூட மைதானம் ஒன்றில் எழுபது, எண்பது பேர் நிற்கிறோம். முதல் நாள் மழை பெய்திருந்தது. மார்ச் இங்கே மழையில்லாத காலம், இப்படிப் பெய்யாது என்று உள்ளூர்க்காரர்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். என் மனம் எங்கே ஆறியது? அதே மழை, அதே களி.

“மச்சாள், ஆத்தங்கரை ஒன்பதரை. மறந்திடாதை.”

“தெரியும். நீ போ. என்னைப் பாத்துப் பாத்து நிக்காதை.”

“உறுதியா?”

“போடி!”

போனேன்.

முதலில் மூங்கில். இரண்டு பக்கமும் வளைந்து வந்து தலைக்கு மேல் கூரை போட்டிருக்கும். காற்றுக்கு அது ஒன்றோடு ஒன்று உரசி, பழைய கதவு திறக்கிற மாதிரிச் சத்தம் போடும். அதற்கு மேலே கொக்கோத் தோட்டங்கள். பாதி கைவிடப்பட்டவை. அவற்றுக்கு நிழலாக எங்கள் முள்முருக்குக்குச் சொந்தக்காரன் மாதிரி ஒரு பெரிய மரம். இலை ஒன்றும் இல்லாமல் உச்சி முழுக்கச் செம்மஞ்சள் பூ. எங்கோ தூரத்தில் காட்டுக் குரங்குகள் உறுமின. குரங்கு என்று தெரியாவிட்டால் புலி என்று நினைத்து ஓட்ட நேரத்தைக் கணிசமாகக் குறைக்கலாம்.

முகட்டுக்கு வந்தபோது மணி ஏழு ஐம்பது. முகில் ஒன்று மலையைக் கடந்துகொண்டிருந்தது. நான் அதற்குள் நின்றேன். ஒரு நொடி விலகியது. முன்னால் பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் இரண்டாவது முகடு, அதற்கு அப்பால் ஒரு கோடு கடல். பிறகு மூடிக்கொண்டது.

இனி இறக்கம்.

போன வருடம் நான் உட்கார்ந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். பாதைக்குக் குறுக்கே இரண்டு கை அகலத்தில் ஒரு வேர். எனக்கு முன்னால் போன இளைஞன் ஒருவன் அதில் கால் வைத்து, களியில் இரண்டு மீட்டர் பறந்து, கெட்ட வார்த்தை ஒன்றை அழகாகச் சொல்லிவிட்டு எழுந்தான்.

சின்ன அடி. முழங்கால் தளர்வு. பாதம் தட்டையாக. உடம்பு மேலே.

வழுக்கியது. விட்டேன். நின்றது.

வழுக்கியது. விட்டேன். நின்றது!

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அந்தக் காட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டு இறங்கினேன். கையில் இரண்டு ட்ரே றோல்ஸ் இருப்பதாக நினைத்துக்கொண்டேன்; உண்மையாகவே கை இரண்டையும் அப்படி நீட்டிப் பிடித்தேன். ஒரே ஒரு தடவை விழுந்தேன். அதுவும் பெருமையில் வேகம் கூட்டியதால் வந்தது.

காடு முடிந்து, ஆட்டுப் பண்ணை மாதிரி ஓரிடம், பிறகு புல்வெளி, பிறகு முழங்காலளவு ஆறு. அக்கரையில் ஒரு மேசை, தோடம்பழத் துண்டுகள், கையில் அட்டையோடு கெல்வின். போன வருடம் என்னைப் பிக்கப்பில் ஏற்றிய அதே கெல்வின்! நெடுத்த மனிதர், வைக்கோல் தொப்பி.

“ஸ்காபரோ!” என்று கத்தினார். போன வருடம் என் ரீஷேர்ட்டில் அந்தப் பெயர் இருந்தது. பக்கத்துத் தீவான டொபேகோவிலும் ஒரு ஸ்காபரோ இருக்கிறதாம். நான் அந்த ஊர்க்காரி என்றே கொஞ்ச நேரம் நம்பியிருந்தவர். “இந்த முறை நேரத்துக்கு வந்திருக்கிறாய். டிரக்கில் உன் இடம் காலி!”

மணி ஒன்பது எட்டு.

இருபத்திரண்டு நிமிடம் மிச்சம். நான் போயிருக்கலாம். ஓட்டம் என்றால் போக வேண்டும். மச்சாளும் போ என்றுதான் சொன்னாள்.

போகவில்லை. பாசம் என்று எழுத ஆசை. உண்மை என்னவென்றால், இந்தச் சாதனையை உடனே யாருக்காவது தமிழில் சொல்லாவிட்டால் எனக்கு வெடித்துவிடும் போல இருந்தது. கெல்வினுக்கு அதைச் சொல்லி என்ன புரியும்? பிளாசாவில் நான் விழுந்ததைக் கண்டவள் இந்தத் தீவில் ஒருத்திதானே!

ஒன்பது பதினைந்து. தலைமுதல் கால்வரை களியோடு ஒரு பெண் வந்தாள். பச்சைத் தொப்பி போட்ட ஒருத்தியைக் கண்டாயா என்று கேட்டேன்.

“ஏற்றத்தில் கண்டேன். பாவம், நின்று நின்று வந்தாள். நான் தாண்டி வந்துவிட்டேன்.”

புல்வெளியின் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்பது இருபது. முன்பு பறந்த இளைஞன் நொண்டியபடி வந்தான். அவனையும் கேட்டேன்.

“பச்சைத் தொப்பியா? அந்தப் பெண் மேலே களியில் வருகிறாள். நான் வேரைப் பிடித்துக்கொண்டு தொங்கும்போது எனக்குத் தண்ணீர் தந்தாள். நடந்து வருகிறாள், கடைக்குப் போகிற மாதிரி!”

ஒன்பது இருபத்தாறு. கெல்வின் பிக்கப்பின் பின்கதவைத் திறந்துவைத்தார். அந்தக் ‘கிரீச்’ எனக்கு மறக்காது. ஒரு வருடமாகக் கேட்கிற சத்தம் அது. மச்சாளை அதில் ஏற்றிவிட்டு நான் எப்படி ஓடுவது? ஊருக்கு இனி இரண்டு பிக்கப் பிள்ளைகள். வீட்டு நம்பர் இல்லாத இடத்தில் நடக்க ஆசைப்பட்டவளை, போத்தல் மூட்டையோடு வைத்து...

ஒன்பது இருபத்தெட்டு. புல்வெளிக்கு அப்பால், பண்ணை வேலிக்கருகே, பச்சைத் தொப்பி!

“மச்சாள்! ஓடி வா! ரெண்டு நிமிசம்!”

கையை உயர்த்திக் காட்டினாள். வேலியில் இருந்த கேற்றைத் தாண்டினாள். பிறகு...

பிறகு நின்றாள். திரும்பினாள். கேற்றைப் பிடித்து இழுத்தாள்.

“என்ன செய்யிறாய்? விடு! கேற்றை விட்டிட்டு வா!”

கேட்கவில்லையா, கேட்டும் கேட்காததுபோல் விட்டாளா தெரியாது. கேற் புல்லில் சிக்கியிருந்தது. தூக்கி இழுத்தாள். வெளியே வந்து நின்ற ஆட்டுக்குட்டி ஒன்றை முழங்காலால் மெல்லத் தள்ளி உள்ளே விட்டாள். கொளுக்கியைப் போட்டாள். போட்டபின், சரியாக விழுந்ததா என்று ஒரு தடவை ஆட்டியும் பார்த்தாள்! நான் இக்கரையில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டு கத்துகிறேன். தபால் போடுகிறவர்களுக்குத் தெரியுமாம்: கேற்றைத் திறந்தபடி விட்டால் நாய் ரோட்டுக்குப் போகும், குழந்தை ரோட்டுக்குப் போகும். பதினொரு வருடத்தில் கைக்கு வந்த பழக்கம். மலை என்றும் பார்க்காது, மணி என்றும் பார்க்காது.

புல்வெளி. அதே நடை. அதிலே ஒரு சின்ன அவசரம். ஆறு. பாசி பிடித்த கல்லில் எல்லாரும் தடுமாறின இடத்தில் இஸ்திரிப் பெட்டி மாதிரிப் பாதம் வைத்து வந்தாள். மேசையைத் தொட்டாள்.

நான் கெல்வினின் கைக்கடிகாரத்தையே பார்த்தேன். ஒன்பது முப்பது. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த நொடிகள் நாற்பதைத் தாண்டியிருந்தன.

கெல்வின் கடிகாரத்தைப் பார்த்தார். ஆற்றுக்கு அப்பால் பூட்டியிருந்த கேற்றைப் பார்த்தார். மச்சாளைப் பார்த்தார்.

“இது ஒன்பது முப்பத்தொன்று என்று காட்டும்வரை எனக்கு ஒன்பதரைதான்,” என்றார். “போங்கள் இரண்டு பேரும். நான் மனம் மாறுவதற்குள் போங்கள்.”

நாங்கள் இரண்டு அடி வைத்ததும் பின்னாலிருந்து மறுபடியும் கத்தினார்: “அந்தக் கேற்றில் ‘பூட்டிவிட்டுப் போகவும்’ என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறோம்! காலையிலிருந்து பூட்டியது நீ ஒருத்திதான்!”

கேற்றா? நானும் அதைத்தானே கடந்து வந்தேன். அங்கே ஒரு கேற் இருந்ததே எனக்குத் தெரியாது.

இரண்டாவது ஏற்றத்தில் மச்சாள் படாத பாடு பட்டாள். ஸ்காபரோவில் மலை எங்கே இருக்கிறது? வெயிலும் ஏறிவிட்டது. நூறு அடிக்கு ஒரு தடவை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உது எத்தினை வீட்டுப் படியடி வரும்?”

“ஒரு ஆயிரம் வரும்.”

“ஒரு வீட்டிலயும் ஆள் இல்லை,” என்று மூச்சு வாங்கினாள். “லெட்டரும் இல்லை. சந்தோசமாய்த்தான் கிடக்கு.”

நான் முன்னால் போய் நின்று, அவள் வந்ததும் நகர்ந்தேன். இந்த முறை யாருக்கும் சொல்லிக்காட்ட அல்ல. அதையும் உண்மையாய் எழுதிவிடுகிறேன்.

முகட்டைத் தாண்டியதும் ஆள் மாறிவிட்டாள். கடலை நோக்கிய நீண்ட இறக்கம், முதலாவதைவிட மோசமானது. சில இடத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். மச்சாள் முன்னால் வந்தாள். நான் அவள் வைத்த இடத்தில் காலை வைத்தேன். ஒரு வளைவில் ஓர் உள்ளூர்த் தம்பதி வேரில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கடந்து போவதைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எழுந்து எனக்குப் பின்னால் வந்தார்கள். இன்னும் கொஞ்சத் தூரத்தில் ஒரு தாடிக்காரர் சேர்ந்தார். கண்ணாடி போட்ட ஒரு பெண் சேர்ந்தாள். ஆறு பேர், ஒரே வரிசை, ஒரே சின்ன அடி. பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் மலையிலிருந்து பென்குவின் கூட்டம் ஒன்று கடலுக்கு இறங்குவது போல இருந்திருக்கும்.

“ஆர் உதுகள் பின்னால?” என்று திரும்பாமலே கேட்டாள்.

“உன்ரை ரசிகர்கள், மச்சாள்.”

“உண்மையாவோ?” குரலில் ஒரு வெட்கம். “என்ரை காலையே பாக்கினம்?”

அந்தக் காட்டிலே பிறந்து வளர்ந்தவர்கள், தங்கள் களியில் எப்படி இறங்குவது என்று ஸ்காபரோத் தபால்காரி ஒருத்தியின் பாதத்தைப் பார்த்து இறங்குகிறார்கள்! என் நெஞ்சு அன்று எவ்வளவு விரிந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். என் சொந்த ஒன்பது எட்டை நான் மறந்தே போனேன்.

கடற்கரையில் முடிவுக்கோட்டைத் தொட்டது பன்னிரண்டு நாற்பத்தேழுக்கு. ஒரு மணிக்குக் கோட்டை மூடிவிடுவார்கள்; மிச்சம் பதின்மூன்று நிமிடம். ஆறு பேரும் ஒன்றாகத்தான் கடந்தோம். எங்களுக்குப் பின்னால் ஒரே ஒருவர். என் உடம்பில் களி படாத இடம் இல்லை. மச்சாளின் காற்சட்டையில் முழங்காலுக்கு மேல் ஒரு பொட்டுக்கூட இல்லை. தாடிக்காரர் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார், மனைவிக்குக் காட்டவாம்.

மணலில் உட்கார்ந்து, சுடச்சுடக் கடலைக்கறி மடித்த ‘டபிள்ஸ்’ இரண்டு தின்றுவிட்டு மச்சாள் கேட்ட முதல் கேள்வி: “அந்த ஆட்டுக்குட்டி உள்ளுக்க நிண்டிருக்குமோ?”

ஒன்று யோசித்தேன். நாங்கள் கனடாவுக்கு வந்து எத்தனை வருடமாகிறது? எந்தக் கல்யாண வீட்டிலும், எந்தச் செத்த வீட்டிலும், பேச்சு கடைசியில் குளிரில்தான் போய் நிற்கும். “பனிக்குள்ள சாகிறம்.” “ஐஸில விழுந்து எழும்பியே ஆயுசு முடியுது.” நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால், அந்த ஐஸ் எங்கள் ஆட்களுக்கு ஒரு நடையைக் கொடுத்திருக்கிறது. பேக்கரிக்கும் ஃபாக்டரிக்கும் பஸ் ஸ்ரொப்புக்கும் விடிய முதல் நடந்து நடந்து, விழ நேரமில்லாதவர்கள் கண்டுபிடித்த நடை. அதை நாங்கள் நக்கலடித்துப் பெயர் வைத்தோம். அதன் பெறுமதி தெரிய எனக்கு ஒரு வெப்பத்தீவு தேவைப்பட்டது!

திரும்பி வந்த ஞாயிறே பிளாசாவுக்குப் போனோம். இரண்டு மெடல்களையும் கழுத்தில் போட்டுக்கொண்டு. வெட்கப்படவில்லை. சிவம் அங்கிள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

“அப்ப பிக்கப்?”

“வெறுமையாய்ப் போச்சு, அங்கிள்.”

“நீ முந்தியோ, யசோ முந்தியோ?”

“ஒண்டாய்.”

இரண்டு றோல்ஸை ஒரு பையில் போட்டு நீட்டினார், மச்சாளிடம். “உதை நீ பிடி. அவளை நம்பேலாது.”

அடுத்த வருடத்துக்கு அதே மலையில் இன்னும் பெரிய ஓட்டம் ஒன்று வைக்கிறார்களாம். மூன்று முகடு, நாற்பது கிலோமீட்டர். பெயர் கொடுத்துவிட்டோம். இறக்கத்துக்குப் பயம் இல்லை. ஏற்றத்துக்குத்தான் மச்சாள் பழக வேண்டும். அவளுடைய தபால் ரூட்டில் இருபத்திரண்டு மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழக, வேலை முடிந்தபின், அங்கே பொறுப்பாக இருப்பவரிடம் அனுமதி கேட்டிருக்கிறாள். நேற்று ஒன்பதாவது மாடியிலிருந்து எனக்கு ஒரு குரல் மெசேஜ் வந்தது. மெசேஜில் சொல் எதுவும் இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும்.

புதிய பாதையின் வரைபடத்தையும் அனுப்பியிருக்கிறார்கள். மேசையில் விரித்து ஒவ்வொன்றாக எண்ணினேன். மூன்று ஆறு, இரண்டு தோட்டம், ஒரு பண்ணை. வழி நெடுக ஏழு கேற்.

“மச்சாள், இந்த முறையாவது கேற்றுகளை விட்டிட்டு வருவியோ?”

வரைபடத்தில் ஒவ்வொரு கேற்றாக அவள் விரல் வைத்துப் பார்த்தாள்.

“நீ முன்னால ஓடிப் போய்த் திற. நான் பூட்டிக்கொண்டு வாறன்.”